அல்ஹம்து லில்லாஹி றப்பில் ஆலமீன்: எமது வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

இலங்கையின் அம்பாறை மாவட்டத்து நிந்தவூரில் வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின்னர், குர்ஆனின் முதல் அத்தியாயமான ஸூறத்துல் பாத்திஹாவின் கருத்தைப் படித்துக்கொடுக்கும் ஒரு சிறிய வகுப்பை, பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு நடத்தி வருகிறேன். வயல்காரர், மீனவர், ஆசிரியர், உயர்தர மாணவர் என்று பலரும் வருவார்கள். பெண்களுக்குச் சனிக்கிழமை காலையில் வேறாக நடக்கும். ஒவ்வொரு முறையும் பிஸ்மிக்கு அடுத்து வரும் வசனத்தில்தான் நீண்ட நேரம் நின்றுவிடுகிறோம், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, கீழே என்னால் இயன்ற விடைகளைத் தந்திருக்கிறேன்.

‘அல்ஹம்து லில்லாஹி றப்பில் ஆலமீன்’ எண்டா என்ன கருத்து? சுருக்கமாச் சொல்லுங்க சேர்.

அகிலத்தார் அனைவரையும் படைத்து, உடைமையாக வைத்திருந்து, படிப்படியாக வளர்த்துப் பராமரிக்கின்ற அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும் உரியது என்பதே சுருக்கமான கருத்தாகும். நான்கு சொற்களைக் கொண்ட இந்த வசனத்தைத் தமிழில் நிறைவாகச் சொல்வதற்கு இத்தனை சொற்கள் தேவைப்படுவதற்குக் காரணம் ‘றப்பு’ என்ற ஒரு சொல்தான். ஐவேளைப் பர்ளான (கட்டாயத்) தொழுகைகளில் மட்டும் 17 றக்அத்துகள், அதாவது பாத்திஹா ஓதப்படும் சுற்றுகள், இருப்பதால், ஸுன்னத்தான தொழுகைகளைச் சேர்க்காமலேயே ஒருவர் நாளொன்றுக்கு 17 தடவைகள் இந்த வசனத்தை ஓதிவிடுகிறார். பாத்திஹாவின் வசனங்களைப் போல் இவ்வளவு அடிக்கடி நம் நாவில் வரும் வசனங்கள் குர்ஆனில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

‘றப்பு’ எண்டா எசமான்தானே? அதுல விளக்க என்ன இருக்கு?

எசமான் என்பது அச்சொல்லின் ஒரு பாதி மட்டுமே. வீட்டுச் சொந்தக்காரரை அறபியர் ‘றப்புல் பைத்’ என்று சொல்வதுண்டு. எனவே உரிமையும் அதிகாரமும் அச்சொல்லில் இருப்பது உண்மைதான். ஆனால் குர்ஆனின் சொற்களுக்குப் பொருள் தொகுத்த றாகிப் அல்-இஸ்பஹானி, இதன் அடிப்படைப் பொருள் ‘தர்பியத்’ என்றும், அதாவது ஒரு பொருளை அது நிறைவடையும் வரையில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சிறிது சிறிதாக வளர்த்துக்கொண்டு செல்வது என்றும் விளக்குகிறார். பிள்ளை வளர்ப்புக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘தர்பியா’ என்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இதற்குக் குர்ஆனிலேயே மிக அழகான ஒரு சான்று இருக்கிறது. முதுமையடைந்த பெற்றோருக்காகக் கேட்கும்படி 17:24ஆம் வசனம் கற்றுத்தரும் துஆ ‘றப்பிர்ஹம்ஹுமா கமா றப்பயானீ ஸகீறா’ என்பதாகும்: “என் றப்பே, சிறு பிள்ளையாக இருந்தபோது அவர்கள் என்னை வளர்த்தது போல் அவர்களுக்கு நீ இரங்குவாயாக.” உம்மாவும் வாப்பாவும் வளர்த்ததைச் சொல்லும் ‘றப்பயானீ’ என்ற சொல்லும் ‘றப்பு’ என்ற அழைப்பும் ஒரே வசனத்தில் அருகருகே வருகின்றன.

எங்கள் ஊரில் வேளாண்மை செய்யாத குடும்பம் குறைவு என்பதால், வகுப்பில் நான் வயலைக் காட்டியே இதனை விளக்குவேன். விதை முளைக்கும்போது தண்ணீர் தேங்கி நின்றால் விதை அழுகிவிடும். குடலைப் பருவத்தில் தண்ணீர் தட்டுப்பட்டால் கதிர் பதராகிவிடும். கதிர் முற்றிய பிறகும் தண்ணீர் நின்றால் பயிர் சாய்ந்து கெட்டுவிடும். இங்கினியாகலைக் குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வருவது ஒரே தண்ணீர்தான், ஆனால் எந்த நாளில் எவ்வளவு விடுவது, எந்த நாளில் வரம்பை வெட்டி வடியவிடுவது என்பதை அறிந்தவரால்தான் பயிரைக் கதிர்வரை கொண்டுசெல்ல முடியும். காணி உறுதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வட்டைப்பக்கமே வராத போடியாரும் சொந்தக்காரர்தான். ஆனால் ‘றப்பு’ என்பது அந்த வகைச் சொந்தத்தைக் குறிப்பதன்று. உடைமையாளனாகவும் இருந்து, ஒவ்வொரு பருவத்திலும் எது தேவையோ அதனை அளந்து கொடுப்பவனாகவும் இருப்பவனே றப்பு.

ஒரு தர்ஜமாவில் ‘இறைவன்’ என்றும், இன்னொன்றில் ‘இரட்சகன்’ என்றும், வேறொன்றில் ‘அதிபதி’ என்றும் இருக்கிறது. எது சரியான மொழிபெயர்ப்பு?

எதுவும் பிழையன்று, எதுவும் முழுமையானதுமன்று. ‘அதிபதி’ ஆட்சியைச் சொல்கிறது, ‘இரட்சகன்’ காப்பதைச் சொல்கிறது, ‘இறைவன்’ பழந்தமிழில் அரசனையும் கடவுளையும் சேர்த்துக் குறித்த சொல். நம் முன்னோர் ‘நாயன்’ என்றும் எழுதினார்கள். முன்னைய விடையில் சொன்ன வளர்த்தெடுத்தல் என்ற பொருள் இவற்றுள் எதிலும் நேராக வரவில்லை என்பதுதான் என் கவலை. ‘அதிபதி’ என்று மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைக்கு அல்லாஹ் தூரத்தில் அமர்ந்து கட்டளையிடும் அரசனாக மட்டுமே மனதில் பதிந்துவிடுகிறான். அப்பிள்ளை தொழுகையில் நிற்கும்போது அச்சம் வருகிறதே தவிர, அன்பு வருவதில்லை.

ஆகையால் ‘றப்பு’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வதையே நான் விரும்புகிறேன். எங்கள் உம்மாமார் பானையைத் தூக்கும்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பும்போதும் “யா றப்பே” என்றுதானே சொல்கிறார்கள். அந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல.

அல்லாஹ் எண்டும் சொல்றம், றப்பு எண்டும் சொல்றம். ரெண்டும் ஒண்டுதானே?

குறிக்கப்படுபவன் ஒருவனே. ஆனால் ‘அல்லாஹ்’ என்பது அவனுக்கே உரிய பெயர். ‘றப்பு’ என்பது அவனுக்கும் நமக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பெயர். அதனால்தான் ‘என் றப்பு’, ‘எங்கள் றப்பு’ என்று உரிமையோடு சேர்த்துச் சொல்ல முடிகிறது.

குர்ஆனில் நபிமார்கள் கேட்ட துஆக்களைப் பாருங்கள். பெரும்பாலானவை ‘றப்பி’ (என் றப்பே) அல்லது ‘றப்பனா’ (எங்கள் றப்பே) என்றே தொடங்குகின்றன. தவறு செய்த ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களும் அவருடைய துணைவியாரும் “றப்பனா, எங்களுக்கு நாங்களே அநியாயம் செய்துவிட்டோம்” என்றார்கள் (7:23). பிள்ளையில்லாத ஸகரிய்யா அலைஹிஸ்ஸலாம் “றப்பி, என்னைத் தனியாக விட்டுவிடாதே” என்றார்கள் (21:89). ஊரைவிட்டு ஓடிவந்த மூஸா அலைஹிஸ்ஸலாம், மத்யனில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி, “றப்பி, நீ எனக்கு இறக்கித்தரும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவனாக இருக்கிறேன்” என்றார்கள் (28:24). வீடில்லை, தொழிலில்லை, கையில் உணவில்லை. அந்த நேரத்தில் அவருடைய நாவில் வந்தது வளர்ப்பவனின் பெயர்தான். பெண்கள் வகுப்பில் இந்த இடம் வந்தால் சிறிது நேரம் எவரும் பேசமாட்டார்கள்.

ஆலமீன் என்றால் ‘உலகங்கள்’. அப்படியானால் எத்தனை உலகங்கள் இருக்கின்றன?

எண்ணிக்கை நமக்கு வேண்டியதில்லை. அல்லாஹ்வைத் தவிர உள்ள அனைத்தும் ‘ஆலம்’ என்பதற்குள் அடங்கும். மனிதர், ஜின்கள், மலக்குகள், பறவைகள் என்று ஒவ்வோர் இனமும் ஓர் ஆலம் என்பது விரிவுரையாளர் பலரின் விளக்கம். அடையாளத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பதால், படைத்தவனை அறிந்துகொள்ள உதவும் அடையாளமே ஆலம் என்றும் சொல்வார்கள்.

குர்ஆனில் இதுபோன்ற ஒரு கேள்வியைக் கேட்டவன் எகிப்தின் மன்னன் பிர்அவ்ன். “றப்புல் ஆலமீன் என்பது என்ன?” என்று அவன் வினவ, வானங்களுக்கும் பூமிக்கும் அவற்றுக்கு இடைப்பட்டவற்றுக்கும் றப்பு, உங்களுக்கும் உங்கள் முன்னோருக்கும் றப்பு, கிழக்குக்கும் மேற்குக்கும் றப்பு என்று மூஸா அலைஹிஸ்ஸலாம் மூன்று தடவைகளில் விடையளித்தார்கள் (26:23–28). இடம், காலம், திசை என எதுவும் விடுபடவில்லை. “நானே உங்களுடைய மிக உயர்ந்த றப்பு” என்று மக்களைத் திரட்டிச் சொன்னவனுக்கு (79:24) அந்த விடை எவ்வளவு வலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சேர், அல்லாஹ்வுக்கு யாரு றப்பு?

குர்ஆன் மத்ரஸாவிலிருந்து நேரே வந்த எட்டு வயதுப் பிள்ளை கேட்டது. அல்லாஹ் படிப்படியாக வளர்ந்தவன் அல்ல, எவரிடமிருந்தும் எதனையும் பெற்றவன் அல்ல. எனவே அவனுக்கு ஒரு றப்பு தேவையில்லை என்று சொல்லி, அப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனனமாக இருந்த குல் ஹுவல்லாஹு அஹத் ஸூறாவை ஓதச் செய்து, அதன் கருத்தைச் சொன்னேன். வளர்ந்தவர்களுக்கு இதே எண்ணம் ஊசலாட்டமாக வந்தால், அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி அந்த எண்ணத்தை அத்துடன் நிறுத்திக்கொள்ளுமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையை “இப்படிக் கேட்கக்கூடாது” என்று அதட்டுவது மட்டும் வேண்டாம்.

ஹம்துக்கும் ஷுக்ருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் நன்றிதானே?

ஷுக்ர் என்பது நமக்குக் கிடைத்த ஒரு நன்மைக்குப் பதிலாக வருவது. ஹம்து என்பது நமக்கு ஏதும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், புகழப்படுபவனின் தன்மைக்காகவே அன்போடும் கண்ணியத்தோடும் புகழ்வது. அந்த வகையில் ஹம்து விரிந்தது. மறுபுறம், ஹம்து நாவினால் சொல்லப்படுவது. ஷுக்ரோ உள்ளத்தாலும் நாவாலும் உறுப்புகளாலும் செய்யப்படுவது. “தாவூதின் குடும்பத்தாரே, ஷுக்ராகச் செயல்படுங்கள்” என்று குர்ஆன் சொல்வது (34:13) இதனால்தான். அந்த வகையில் ஷுக்ர் விரிந்தது.

மூன்றாவதாக ‘மத்ஹ்’ என்றொரு சொல் உண்டு. முத்து அழகாக இருக்கிறது என்றால் அது மத்ஹ். முத்து தன் விருப்பத்தால் அழகாக இருக்கவில்லை, அதனிடம் நமக்கு அன்பும் கண்ணியமும் இருக்கவேண்டியதுமில்லை. ஒருவரைப் பிடிக்காமலே அவரைப் புகழ்வதும் மத்ஹாக முடியும். அன்பில்லாமல் சொன்னால் அது ஹம்து ஆகாது. வாய் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருக்க, மனம் அல்லாஹ்வின் மேல் கோபமாக இருந்தால், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை நிதானித்துப் பார்க்கவேண்டும்.

‘எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே’ என்றால், சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையைப் பாராட்டக்கூடாதா?

தாராளமாகப் பாராட்டுங்கள். ‘அல்ஹம்து’ என்பதிலுள்ள ‘அல்’ எல்லா வகைப் புகழையும் உள்ளடக்குகிறது, ‘லில்லாஹி’ என்பதிலுள்ள ‘லி’ அது அவனுக்கே உரியது என்பதைக் காட்டுகிறது. அதன் பொருள் மனிதரிடம் புகழத்தக்கது எதுவும் இல்லை என்பதன்று. மனிதரிடம் புகழத்தக்கது எது இருந்தாலும் அது கொடுக்கப்பட்டது, எனவே அந்தப் புகழ் கொடுத்தவனையே சென்று சேர்கிறது என்பதாகும். “மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தமாட்டார்” என்ற ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் உள்ளது. படித்துக்கொடுத்த ஆசிரியருக்கு நன்றி சொல்லாமல் ‘எல்லாம் அல்லாஹ்’ என்று விலகிச்செல்வது பக்தியல்ல.

எல்லை இருக்கிறது. ஒருவரை முகத்துக்கு நேரே மிகைப்படுத்திப் புகழ்ந்தவரிடம், “உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீரே” என்று நபியவர்கள் கண்டித்தார்கள். தம்மைக்கூட, மர்யமின் மகனை அவருடைய மக்கள் வரம்புமீறிப் புகழ்ந்தது போல் புகழவேண்டாம், “அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர் என்றே சொல்லுங்கள்” என்றார்கள். நம் பகுதிக் கூட்டங்களில் அரசியல்வாதிகளுக்கு வாசிக்கப்படும் வாழ்த்துப்பாக்களைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஹதீஸ் என் நினைவுக்கு வந்து என்னை வருத்துகிறது.

அல்லாஹ்வுக்கு நம்முடைய புகழ் தேவையா? தன்னைப் புகழச் சொல்லுவது ஒரு மாதிரியாக இருக்கிறதே.

உயர்தர மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், கேட்டது நல்லதாயிற்று. முதலாவது, வசனம் ‘நான் புகழ்கிறேன்’ என்றோ ‘புகழுங்கள்’ என்றோ அமையவில்லை. ‘புகழ் அல்லாஹ்வுக்கு உரியது’ என்று, காலம் காட்டும் வினைச்சொல் எதுவுமின்றி, ஒரு நிலைத்த உண்மையாக அமைந்திருக்கிறது. நாம் பிறப்பதற்கு முன்னரும் அது அப்படியே இருந்தது. நாம் வாயைத் திறக்காவிட்டாலும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, “எவர் நன்றி செலுத்துகிறாரோ அவர் தமக்காகவே நன்றி செலுத்துகிறார், எவர் மறுக்கிறாரோ, அல்லாஹ் தேவையற்றவன், புகழுக்குரியவன்” என்று லுக்மான் ஸூறா சொல்கிறது (31:12). தேவையற்றவன் என்பதும் புகழுக்குரியவன் என்பதும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். மனிதரில் புகழை விரும்புபவர் அது தேவைப்படுவதால் விரும்புகிறார். தேவையே இல்லாதவன் தன்னைப் புகழும் சொல்லைக் கற்றுத்தருகிறான் என்றால், பயன் கற்பவருக்கே. உண்ணும்போது ஒரு கவளத்துக்காகவும் பருகும்போது ஒரு மிடறுக்காகவும் தன்னைப் புகழும் அடியானை அல்லாஹ் பொருந்திக்கொள்கிறான் என்று ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் கிரந்தத்தில் வருகிறது. அவ்வளவு சிறியதற்கு அவ்வளவு பெரிய பதில்.

நம்மால் அவனை முழுமையாகப் புகழ முடியாது என்பதையும் நபியவர்களே ஸுஜூதில் சொன்னார்கள்: “உன்மீதான புகழை என்னால் எண்ணி முடிக்க இயலாது, உன்னை நீயே புகழ்ந்துகொண்டவாறே நீ இருக்கிறாய்.” அவனே கற்றுத்தராவிட்டால் எந்தச் சொல்லால் புகழ்வது என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

மக்கத்துக் காபிர்களும் வானத்தைப் படைத்தது அல்லாஹ்தான் என்று ஒப்புக்கொண்டார்கள் என்கிறீர்களே. பிறகு என்ன பிரச்சினை?

ஆம், “வானங்களையும் பூமியையும் படைத்தவன் யார் என்று அவர்களிடம் கேட்டால் அல்லாஹ் என்பார்கள்” என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது (31:25, 39:38). அவன் படைத்தான், மழை தருகிறான் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, வணக்கத்தையும் நேர்ச்சையையும் பிரார்த்தனையையும் வேறு இடங்களுக்குப் பங்கிட்டதுதான் பிரச்சினை. அறிஞர்கள் முதலாவதை ‘றுபூபிய்யத்’ என்றும், வணக்கம் அவனுக்கு மட்டுமே என்பதை ‘உலூஹிய்யத்’ என்றும் பிரித்து விளக்குவார்கள். இது விளங்கிக்கொள்வதற்கான பிரிப்பு. வாழ்க்கையில் இரண்டும் பிரியக்கூடாது. வளர்ப்பவன் அவன் என்றால் வணங்கப்படுபவனும் அவனே.

கட்டளையிடும் உரிமையும் இதில் அடங்கும். வேதக்காரர்கள் தம் மதகுருமாரை ‘அர்பாப்’, அதாவது றப்புகளாக எடுத்துக்கொண்டார்கள் என்று 9:31 சொல்கிறது. முன்னர் கிறிஸ்தவராக இருந்த அதிய்யு இப்னு ஹாதிம், “நாங்கள் அவர்களை வணங்கவில்லையே” என்றபோது, அவர்கள் ஹலாலாக்கியதை ஹலாலாகவும் ஹறாமாக்கியதை ஹறாமாகவும் எடுத்துக்கொண்டதே அது என்று நபியவர்கள் விளக்கியதாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஒரு மௌலவி சொன்னார் என்பதற்காக மட்டும் தெளிவான ஒரு ஹறாமை ஹலாலாக்கிக்கொள்ளும் எவரும் இந்த வசனத்தைத் தம்மீது பொருத்திப் பார்க்கவேண்டும்.

யூஸுப் நபியின் வரலாற்றில் அரசனுக்கு ‘றப்பு’ என்று வருகிறதே?

சிறையிலிருந்து விடுதலையாகப் போகிறவரிடம் யூஸுப் அலைஹிஸ்ஸலாம் “உம் றப்பிடம் என்னைப் பற்றிச் சொல்லும்” என்றது (12:42) அவருடைய எசமானான அரசனைக் குறித்துத்தான். இரண்டாவது விடையில் சொன்ன ‘வீட்டு றப்பு’ போன்ற வழக்கு அது. நம்முடைய மார்க்க ஒழுங்கில், அடிமை தன் எசமானை ‘என் றப்பு’ என்று அழைக்கவேண்டாம், ‘ஸய்யிதீ’ என்றோ ‘மவ்லாய’ என்றோ சொல்லட்டும் என்று நபியவர்கள் திருத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. எதனோடும் சேர்க்காமல் தனியே ‘அர்றப்பு’ என்று சொன்னால் அது அல்லாஹ்வை மட்டுமே குறிக்கும்.

நாங்களும் ‘ஆண்டவன்’ என்றுதான் கும்பிடுகிறோம் சேர். நீங்கள் சொல்லும் றப்பு உங்களுக்கு மட்டும் சொந்தமா?

என்னோடு ஒரே பாடசாலையில் பல ஆண்டுகள் கற்பித்த, மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருவர் கேட்டது. நான் மனநிறைவோடு விடை சொன்ன கேள்வி இது. வசனம் ‘றப்புல் முஸ்லிமீன்’ என்று சொல்லவில்லை; ‘றப்புல் ஆலமீன்’ என்றே சொல்கிறது. கல்லடியில் மீன்பிடிப்பவருக்கும் காத்தான்குடியில் கடை வைத்திருப்பவருக்கும் றப்பு ஒருவனே. அவனை அறிந்தவரையும் அறியாதவரையும் அவன்தான் வளர்க்கிறான். ‘ஆள்’ என்ற வினையிலிருந்து பிறந்த ‘ஆண்டவன்’ என்ற சொல்லை எங்கள் மூத்தம்மாமாரும் அல்லாஹ்வுக்குத் தாராளமாகச் சொல்லிவந்தார்கள்.

வேறுபாட்டை மறைப்பதும் நேர்மையாகாது. அந்த றப்புக்கு உருவம் சமைப்பதையும், இணையோ பிள்ளையோ இருப்பதாகச் சொல்வதையும் இஸ்லாம் ஏற்பதில்லை. “எங்களில் சிலர் சிலரை அல்லாஹ்வையன்றி றப்புகளாக எடுத்துக்கொள்ளாதிருப்போம்” என்ற பொது உடன்பாட்டுக்கு வேதக்காரரை அழைக்கும் வசனமும் (3:64), வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டே அழைக்கிறது. நண்பர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். அன்று இருவரும் சேர்ந்தே பஸ் ஏறினோம்.

எல்லாரையும் வளர்க்கிறவன் எண்டா, ஏன் சிலருக்குச் சோறில்ல?

பூமியிலுள்ள எந்த உயிருக்கும் உணவளிப்பது அல்லாஹ்வின் பொறுப்பு என்று குர்ஆன் சொல்கிறது (11:6). அவன் மீது உண்மையாகப் பொறுப்புச் சாட்டினால், காலையில் ஒட்டிய வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்குப் போல் உங்களுக்கும் உணவளிப்பான் என்று ஹதீஸ் சொல்கிறது. பறவைக்குக்கூட இரை கூட்டுக்குள் வந்து விழுவதில்லை. அது பறந்துதான் போகிறது.

ஆனால் கேள்வி இதனால் தீரவில்லை, ஏனென்றால் உழைத்தும் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். “அல்லாஹ் உங்களுக்குத் தந்ததிலிருந்து செலவிடுங்கள்” என்று சொல்லப்பட்டபோது மறுத்தவர்கள், “அல்லாஹ் நாடினால் அவனே உணவளித்திருப்பவர்களுக்கு நாங்கள் உணவளிப்பதா?” என்று கேட்டதாக யாஸீன் ஸூறா சொல்கிறது (36:47). ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி ஓதும் ஸூறா அது. அந்த வாதம் குர்ஆனில் மறுப்பாளரின் வாயில்தான் வருகிறது.

இதைவிட நெருக்கமான விடை முஸ்லிமில் அபூஹுறைறா அறிவிக்கும் ஹதீஸில் உள்ளது. மறுமையில் அல்லாஹ் மனிதனிடம் “உன்னிடம் உணவு கேட்டேன், நீ தரவில்லை” என்பான். “என் றப்பே, உனக்கு நான் எப்படி உணவளிப்பேன்? நீயோ றப்புல் ஆலமீன்” என்று அவன் சொல்வான். “என் இன்ன அடியான் உன்னிடம் உணவு கேட்டான், அவனுக்குக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாய்” என்று அல்லாஹ் சொல்வான். ‘நீயோ றப்புல் ஆலமீன்’ என்று, நாம் பாத்திஹாவில் ஓதும் அதே சொல்லைக் காரணமாகக் காட்டித் தப்ப முயல்பவனுக்கு அங்கே தப்ப வழியில்லை. எனவே ஒருவர் வந்து இந்தக் கேள்வியைக் கேட்டால், அவருடைய அயல் வீட்டில் யாருக்குச் சோறில்லை என்பதை முதலில் கேட்டறிவது என் வழக்கம்.

கடல் வந்து ரெண்டு புள்ளைகளையும் கொண்டு போச்சு. அதுக்கும் அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லணுமா?

2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமியில், இந்நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டக் கரையோரம்தான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அந்த நாளைக் கடக்காத குடும்பம் அரிது. இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் வகுப்பின் கடைசி வரிசையில், கதவுக்கருகில்தான் எப்போதும் அமர்வார். கேட்டுவிட்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மகிழ்ச்சியான ஒன்றைக் கண்டால் “எவனுடைய அருளால் நல்லவை நிறைவேறுகின்றனவோ அந்த அல்லாஹ்வுக்கே புகழ்” என்றும், விரும்பாத ஒன்றைக் கண்டால் “எல்லா நிலையிலும் அல்லாஹ்வுக்கே புகழ்” என்றும் நபியவர்கள் சொல்வார்கள் என்று ஆயிஷா றழியல்லாஹு அன்ஹா அறிவிக்கிறார்கள். இரண்டு வாசகங்களும் ஒன்றல்ல. துன்பத்தை இன்பம் என்று சொல்லும்படி நம்மிடம் கேட்கப்படவில்லை. துன்பத்தின் நடுவிலும் அவன் றப்பாகவே இருக்கிறான் என்று மட்டும் சொல்கிறோம். ஷுக்ரையும் ஹம்தையும் பிரித்துக் காட்டியது இதற்காகவும்தான்: இழப்புக்கு எவரும் நன்றி சொல்வதில்லை, ஆனால் ஹம்து கிடைத்ததை மட்டும் பார்த்து வருவதன்று.

நபியவர்களின் மகன் இப்றாஹீம் குழந்தையாக அவர்களுடைய கைகளில் உயிர்பிரியும்போது அவர்கள் அழுதார்கள். “கண் நீர் சொரிகிறது, உள்ளம் கவலைப்படுகிறது, எங்கள் றப்பு பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதனையும் சொல்லமாட்டோம்” என்றார்கள். அழுகையும் ‘எங்கள் றப்பு’ என்ற சொல்லும் ஒரே மூச்சில் வந்தன. பிள்ளையை இழந்த நிலையில் அல்லாஹ்வைப் புகழ்ந்து ‘இன்னா லில்லாஹி’ சொன்ன அடியாருக்குச் சுவர்க்கத்தில் ஒரு வீடு கட்டி, அதற்கு ‘பைத்துல் ஹம்த்’, அதாவது புகழின் வீடு என்று பெயரிடுமாறு மலக்குகளிடம் அல்லாஹ் சொல்வதாகத் திர்மிதியில் உள்ளது. இதை அந்தத் தாய்க்குச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: ‘அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்க’ என்று அவரை வற்புறுத்தும் உரிமை எனக்கோ அயலவருக்கோ கிடையாது. அது அவருடைய உள்ளத்திலிருந்து, அவருக்கு இயலும் நேரத்தில் வரவேண்டிய சொல்.

களவாக வந்த காசுக்கும் சிலர் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்கிறார்களே, அது கூடுமா?

கூடாது. தராசில் குறைத்தும், பங்காளியின் வயலில் வரம்பைத் தள்ளி வெட்டியும் சேர்த்ததற்குச் சொல்லப்படும் ஹம்து, றப்பைத் தன் களவுக்குக் கூட்டாளியாக்குவதாகும். அவருக்கு முதலில் வேண்டியது தௌபாவும், உரியவருக்குத் திருப்பிக் கொடுப்பதும்தான். ‘அல்ஹம்துலில்லாஹ் மீஸான் தராசை நிரப்பும்’ என்று ஹதீஸில் வருவதை, கடைத் தராசில் குறைத்தவர் எந்த முகத்தோடு ஓதுவார்?

தறாவீஹ்ல சிலர் பாத்திஹாவ ஒரே மூச்சுல ஓதுறாங்க. தொழுகை கூடுமா?

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பிஸ்மியையும் சேர்த்துப் பாத்திஹாவிலுள்ள எழுத்துகளும் 14 ஷத்துகளும் (எழுத்தை இரட்டித்து ஒலிக்கச் செய்யும் குறிகள்) விடுபடாமல் இருந்தால் ஓதல் நிறைவேறும். ஒரே மூச்சில் ஓதியதால் மட்டும் தொழுகை வீணாகாது. ‘றப்பி’ என்பதிலுள்ள ஷத்தை விட்டு ‘றபி’ என்று ஓதுவதுதான் உண்மையான ஆபத்து. வேகத்தில் அது எளிதில் நழுவிவிடும்.

ஆயினும் நபியவர்கள் வசனம் வசனமாக நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா றழியல்லாஹு அன்ஹா அறிவிக்கிறார்கள். நிறுத்துவதன் அருமை முஸ்லிமிலுள்ள மற்றொரு ஹதீஸைப் படித்தால் விளங்கும். “தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையில் இரண்டு பாதிகளாகப் பங்கிட்டேன்” என்கிறான் அல்லாஹ். அடியான் ‘அல்ஹம்து லில்லாஹி றப்பில் ஆலமீன்’ என்றதும், “என் அடியான் என்னைப் புகழ்ந்தான்” என்று அவன் விடையளிக்கிறான். அடுத்த வசனத்துக்கும் அதற்கடுத்த வசனத்துக்கும் அவ்வாறே விடையளிக்கிறான். இதைப் படித்துக்கொடுத்த மறுநாள், எழுபது வயதைத் தாண்டிய வயல்காரர் ஒருவர் மஃரிபுத் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து, இத்தனை காலமும் விடை வர முன்னரே அடுத்த வசனத்துக்குப் போய்விட்டேனே என்றார். இப்போது அவர் தனித்துத் தொழும்போது பக்கத்தில் நின்றால், ‘றப்பில் ஆலமீன்’ என்றதும் ஒரு மூச்சளவு நிற்பது கேட்கும்.